வாசல் இல்லாத ஜெயிலும் என் அண்ணன் மாடுகளும்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. மூன்றாம் வகுப்போடு சிலேட்டை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் வேலைக்கு வந்த பெண்களின் பெயர்கள்தான். ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால் இன்னொன்று முந்திக்கொண்டு வந்துவிடுகிறது. முதலில் நினைத்தது போன இடம் தெரிவதில்லை. கட்டட வேலைக்காரர் சங்கத்தில் மலர் போடுகிறோம், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று பிள்ளைகள் வந்து கேட்டார்கள். நாலு ஆண்கள் எதிரே உட்கார்ந்தால் எனக்குப் பேச வராது. நீங்கள் போங்கள், எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். தப்பும் தவறுமாக இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அவர்கள் கேட்டதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு சர்க்கார் கட்டடம் எழும்புவதைப் பார்க்க என்னைக் கூட்டிப்போயிருந்தார்கள். அங்கே சுவரை முழுக்கக் கட்டி, பூசி, காயவிட்டு, அதற்கப்புறம் கதவுக்கான நிலையைக் கொண்டுவந்து சொருகினார்கள். இரும்பு நிலை. ஒருவரும் ஒரு தேங்காய்கூட உடைக்கவில்லை. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். சூப்பர்வைசர் பிள்ளை என்னிடம், “உங்க காலத்துல கொத்தனாரு, ஆசாரி, பூச்சுக்காரங்க அத்தனை பேரையும் ஒண்ணா எப்படிங்கம்மா மேச்சீங்க?” என்று கேட்டது.

நாங்கள் மேய்க்கவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் பாவாயி. திருச்செங்கோட்டுக்கு மேற்கே எங்கள் ஊர். சின்ன வயசிலேயே கல்லும் மண்ணும் சுமக்க வந்தவள். கல்யாணம் ஆனதும் கட்டட வேலைக்காரருக்குத்தான். மேட்டூரில் அணை கட்ட ஆள் எடுக்கிறார்கள் என்று அவர் போனார். அங்கே காட்டுக் காய்ச்சல். போனவர் வரவில்லை. அதற்குப் பிறகு சேலம் காண்ட்ராக்டர் சவரிமுத்து என்னைப் பெண்களுக்கு மேஸ்திரி ஆக்கினார். எனக்குப் பெயர் எழுதத் தெரியும் என்பது ஒன்று. கெட்டிக்கார ஆட்கள் அத்தனை பேரும் அணை வேலைக்குப் போய்விட்டார்கள் என்பது இன்னொன்று. மிச்சம் இருந்தவர்களை வைத்துத்தான் இந்தப் பக்கத்துச் சர்க்கார் கட்டடங்கள் எழும்பின.

என் வேலை சுண்ணாம்பு அரைத்துக் கொடுப்பது, பெண்களை வைத்து அதைச் சுமந்து கொடுப்பது. எழுதப்படாத வேலை ஒன்றும் இருந்தது. கொத்தனார் செங்கோடனும் ஆறுமுக ஆசாரியும் ஒருவரோடு ஒருவர் பேசமாட்டார்கள். ஏதோ ஒரு கோயில் வேலையில் வந்த சண்டை. ஆனால் இருவரும் ஒரே சுவரில் வேலை செய்தாக வேண்டும். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றுகொண்டு என்னைக் கூப்பிடுவார்கள்.

“அம்மிணி, உத்தரம் உக்கார எடம் ஒரு விரக்கடை எச்சா விடோணும்னு அந்த மண்ணுதின்னிகிட்டச் சொல்லு” என்பார் ஆசாரி.

நான் இரண்டு அடி நகர்ந்து, தலையைக் குனிந்துகொண்டு, “ஒரு விரல் அகலம் அதிகமா விடச் சொல்றாருங்க” என்பேன்.

“அந்த மரங்கொத்திக்குக் கண்ணு கெட்டுப் போச்சு, எடம் சரியாத்தான் இருக்குதுன்னு சொல்லு.”

“சரியா இருக்குதுங்களாமுங்க” என்பேன்.

நடுவில் இருந்த வசவை நான் விழுங்கிவிடுவேன். வெட்கத்தில் அந்த வார்த்தைகள் எனக்கு வாயில் வராது. அதனாலேயே வேலை நடந்தது. இந்தக் காலத்தில் இதற்கு ஏதோ பெரிய பெயர் சொல்கிறார்களாம்.

எங்கள் எல்லாருக்கும் மேலே ஓவர்சியர் ஐயா. கும்பகோணம் பக்கத்தவர். கீழே பஞ்சகச்சம், மேலே கோட்டு, தலையில் தக்கைத் தொப்பி. சுண்ணாம்பு என்றால் அவருக்கு நெருப்பு மாதிரி. கட்டடத்துக்குள் வரும்போது பஞ்சகச்சத்தை முழங்காலுக்கு மேலே பிடித்துக்கொண்டு, தண்ணீரில் நடக்கிற கொக்கைப்போல நடப்பார். பேசுவதெல்லாம் ஆபீசுக்குக் கடுதாசி எழுதுகிற மாதிரிதான் இருக்கும். சுவர் என்று சொல்லமாட்டார், மேற்படி சுவர் என்பார். காப்பி ஆறிவிட்டால், “மேற்படி காப்பி சூடுபடுத்தப்பட வேண்டும்” என்பார். எதைக் கேட்டாலும் முடியும், முடியாது என்று சொன்னதே இல்லை, “பரிசீலிக்கப்படும்” என்பார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மற்ற ஓவர்சியர்கள் எங்களை ஏய், வாடி, போடி என்று கூப்பிட்ட காலத்தில் இவர் என்னை “மேற்படி அம்மாள்” என்றுதான் கூப்பிடுவார். எனக்கு அது பெரிய மரியாதையாக இருந்தது.

அந்த வருஷம் எங்களுக்கு வந்தது ஒரு சப் ஜெயில். ஊர்ப் பெயர் வேண்டாம். நாலு பக்கமும் உயரமான மதில், உள்ளே முற்றம், முற்றத்தைச் சுற்றி அறைகள், மதிலுக்கு ஒரே ஒரு வாசல். கிணறு முற்றத்துக்குள் இருந்ததால் சுண்ணாம்பு அரைக்கும் செக்கையும் உள்ளேயே போட்டோம். வட்டமாகக் கால்வாய் வெட்டி, அதில் கல் உருளையை மாடு கட்டி இழுப்பது. மாடுகள் என் அண்ணன் நாச்சிமுத்துவுடையவை. ஒன்று மயிலை, ஒன்று செவலை. மழை இல்லாமல் அவன் உழுகிற காடு காய்ந்து கிடந்ததால் சும்மா நிற்கிற மாடுகளை எனக்குக் கொடுத்திருந்தான். “மழ பேஞ்சா அன்னிக்கே அவுத்துட்டுப் போயிருவேன், பாத்துக்க” என்று சொல்லித்தான் கொடுத்தான். அவனுக்கு இருந்தது அந்த ஒரு ஜோடிதான். முதல் மழை ஈரத்தில் உழுது விதைக்காவிட்டால் வருஷம் முழுக்கச் சோற்றுக்கு என்ன செய்வது? மாட்டைத் திருடிவிடுவார்கள் என்று ராத்திரியிலும் மதிலுக்குள்ளேயே கட்டிவைப்போம். ஜெயில்தான் பத்திரம் என்று நினைத்தோம்.

மதில் எழும்பி, வாசலுக்கு நிலை நிறுத்த வேண்டிய நேரம் வந்தது. எங்கள் பக்கத்தில் நிலை நிறுத்துவது சும்மா காரியம் இல்லை. வீட்டுக்காரரும் அவர் சம்சாரமும் முன்னால் நிற்க வேண்டும். மஞ்சள் குங்குமம் வைத்துத் தேங்காய் உடைக்க வேண்டும். ஆசாரி நிலையைத் தொட்டு, “இந்த வாசல் நெறையட்டும், குடி பெருகட்டும்” என்று வாழ்த்துவார். யார் நிற்கிறார்களோ அவர்கள்தான் அந்தக் கட்டடத்துக்குக் குடி. சர்க்கார் கட்டடமானாலும் ஆசாரி விடமாட்டார். தாலுகா ஆபீசுக்குத் தாசில்தாரும் அவர் வீட்டம்மாவும் பட்டுக் கட்டிக்கொண்டு நின்றார்கள். பள்ளிக்கூடத்துக்குத் தலைமை வாத்தியார் நின்றார். ஜெயிலுக்கு யார் நிற்பது?

“இது சர்க்காருக்குச் சொந்தம்” என்றார் ஓவர்சியர்.

“சர்க்காருன்னா யாருங்க?” என்றார் ஆசாரி.

“சக்கரவர்த்தி. லண்டனில் இருக்கிறார்.”

“வரச் சொல்லுங்க. சம்சாரத்தோட வரச் சொல்லுங்க. எனக்கொண்ணும் அவசரமில்லீங்க.” ஆசாரி உளியைப் பையில் போட்டுக்கொண்டு புளியமரத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டார். நிலை அவர் பக்கத்தில் மண்ணில் படுத்துக் கிடந்தது.

ஓவர்சியரே நிற்கலாம் என்று சிலர் சொன்னார்கள். அந்தச் சேதி அவர் வீட்டுக்குப் போனதும் அவர் சம்சாரம் வேலைக்காரியிடம் சொல்லி அனுப்பினாள்: ஜெயிலுக்குக் குடிபோக வேண்டும் என்றால் அவர் மட்டும் போகட்டும், நான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கும்பகோணம் போகிறேன். ஓவர்சியர் பேச்சை விட்டுவிட்டார். காண்ட்ராக்டர் சவரிமுத்து வந்து பார்த்துவிட்டு, நிலை கிடக்கட்டும், வாசலுக்கு இடைவெளி விட்டுச் சுவரை ஏற்று என்று சொல்லிப் போய்விட்டார்.

அப்படித்தான் ஏற்றினோம். அமாவாசை வந்தது. அமாவாசையில் எங்களுக்கு வேலை இல்லை. முதல் நாள் சாயங்காலம் கிளம்பும்போது கொத்தனார் செங்கோடன் அந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அம்மிணி, நெல இல்லாத வாசல அமாவாசைக்குத் தொறந்து போடக்கூடாது. வாயப் பொளந்துட்டுக் கெடக்கற மாதிரி. என்னென்னமோ நொழையும். செங்கல்ல அடைச்சுட்டுப் போறேன். வந்து பிரிச்சுக்கலாம்.”

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. மாடுகளுக்குச் சோளத்தட்டும் தண்ணீரும் வைத்துவிட்டு நான் வெளியே வந்தேன். அவர் வெறும் மண்ணை வைத்துச் செங்கல்லை அடுக்கி அடைத்தார். எல்லாரும் வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் அமாவாசையன்று சேலத்திலிருந்து பூச்சுக்காரர்கள் வந்து இறங்கியிருக்கிறார்கள். காண்ட்ராக்டரின் சர்ச்சுக்காரர்கள், அவர்களுக்கு அமாவாசை கிடையாது. இடத்தில் ஒரு ஆள் இல்லை. எதிரே மதில் இருந்தது. பக்கத்துக் குழியில் நான் அரைத்து நனைய வைத்த சுண்ணாம்புச் சாந்து இருந்தது. பூசச் சொல்லி அனுப்பினார்கள், பூசினார்கள். மதிலின் முன்பக்கம் முழுவதும், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும், அடைத்த வாசலும் சேர்த்து, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டுப் போய்விட்டார்கள். அந்த மாதிரிப் பூச்சு நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

அமாவாசை கழிந்து காலையில் நாங்கள் வந்தபோது எஞ்சினீயர் துரையின் கார் நின்றுகொண்டிருந்தது. மேட்டூர் போகிற வழியில் இறங்கியிருக்கிறார். மதிலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். முன்பக்கத்தைக் கையால் தடவினார். நாடாவைப் பிடிக்கச் சொல்லி அளந்தார். நல்ல வேலை என்று ஓவர்சியரின் தோளைத் தட்டினார். உள்ளே போக வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ஜெயிலுக்குள் போக யாருக்குத் தோன்றும்? கார் கிளம்பிப் புழுதி அடங்கின பிறகு மதிலுக்குள்ளிருந்து மயிலை “ம்மா” என்றது.

ஓவர்சியர் திரும்பிப் பார்த்தார். “மேற்படி மாடு எங்கே இருக்கிறது?”

“உள்ளங்க” என்றேன்.

“மேற்படி வாசல் எங்கே இருக்கிறது?”

செங்கோடன் கடப்பாரையை எடுத்தார். ஓவர்சியர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு மதிலுக்கு முன்னால் போய் நின்றார். “தொடக் கூடாது! துரை அளந்து பாஸ் செய்த சுவர். இனி இது சர்க்கார் சொத்து. இதை இடிப்பது குற்றம்.”

“வாசல் வேணுமில்லீங்களா?”

“எழுத்துமூலமாகக் கேட்கப்படும்.”

கேட்டு எழுதினார். கடுதாசி சேலத்துக்குப் போயிற்று. பதில் வரும்வரை வேலை நிற்கக் கூடாது என்றும் சொன்னார். ஆகவே மதிலுக்கு வெளியே ஒரு மூங்கில் ஏணி, உள்ளே ஒரு மூங்கில் ஏணி. என் பெண்கள் ஏணியில் ஏறி உள்ளே இறங்குவார்கள். அரைத்த சாந்தைச் சட்டி சட்டியாக ஏணி வழியே கைமாற்றி வெளியே கொடுப்பார்கள். மாட்டுக்குத் தீனி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகும், சாணி அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வரும். வழியில் போகிறவர்கள் நின்று பார்த்து, ஜெயிலுக்குள் போகத்தான் கஷ்டம் என்று இப்போதுதான் தெரிகிறது என்று சிரித்துவிட்டுப் போவார்கள்.

அப்போதுதான் மழை பெய்தது. நல்ல மழை. விடிந்ததும் என் அண்ணன் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றான்.

“பாவாயி, மாட்டக் குடு.”

மதிலைக் காட்டினேன்.

“வாசல் எந்தப் பக்கம்?”

“வாசல் இல்லீங்கண்ணா.”

அவன் மதிலை ஒரு சுற்றுச் சுற்றினான். சந்தேகத்தில் இன்னொரு சுற்று சுற்றினான். “என்னடி இது? சாமிக்குக்கூட வாசல் வெப்பாங்களே!” என்றவன், ஏணியில் ஏறி மதில்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டு உள்ளே பார்த்தான். மாடுகள் நிமிர்ந்து அவனைப் பார்த்தன. “என்ற ராசா, என்ன தப்புடா பண்ணீங்க, உங்களக் கொண்டாந்து இங்க அடைச்சுட்டாங்களே!” என்று அழ ஆரம்பித்துவிட்டான். ஓவர்சியர் கீழே நின்று, “அந்நியர்கள் மதில்மீது படுக்க அனுமதி இல்லை” என்றார்.

உத்தரக்கல் தூக்க மதிலை ஒட்டி உள்ளே மூன்று கம்பம் நட்டுக் கப்பி கட்டி வைத்திருந்தோம். அதில் மாட்டைத் தூக்கலாம் என்றார் செங்கோடன். சாக்கை வயிற்றுக்கு அடியில் கொடுத்துச் செவலையைத் தூக்கினோம். தலை மதிலுக்கு மேலே வந்தது. மாடு கத்தவில்லை, உதைக்கவில்லை. காலைத் தொங்கவிட்டுக்கொண்டு, யாரோ தன்னை எங்கோ கூட்டிப்போகிறார்கள் என்பதுபோல அமைதியாக ஊரைப் பார்த்துக்கொண்டு தொங்கியது. அப்போது கம்பம் கிறீச்சிட்டது. “மேற்படி மாட்டை உடனே இறக்கு! மேற்படி மாட்டை இறக்கு!” என்று ஓவர்சியர் குதித்தார். சுண்ணாம்புக் குழியில் ஒரு கால் போனதுகூட அவருக்குத் தெரியவில்லை. இறக்கிவிட்டோம். செவலை அப்படியே போய்ச் செக்குப் பாதையில் நின்றுகொண்டது.

ஈரம் காய்ந்துகொண்டே வந்தது. அக்கம்பக்கத்துக் காடுகளில் எல்லாம் ஏர் ஓடியது. அண்ணன் தினமும் வந்து மதிலுக்கு வெளியே குந்திக்கொண்டு, ஒரு பிடி மண்ணை எடுத்துக் கையில் உருட்டிப் பார்ப்பான். முதலில் உருண்டை நின்றது. பிறகு உதிர ஆரம்பித்தது. அவன் என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

ஒருவழியாகப் பதில் வந்தது. வாசல் அளவுக்குச் சுவரை இடிக்கலாம். ஆனால் ஜெயிலின் பாதுகாப்பை முன்னிட்டு, இடித்த உடனேயே நிலை நிறுத்தியாக வேண்டும். வெறும் இடைவெளியாக ஒரு பொழுதுகூட விடக் கூடாது. உள்ளே இரண்டு மாடுகளைத் தவிர எவரும் இல்லை என்று யார் அவர்களுக்குச் சொல்வது? நாங்கள் எல்லாரும் புளியமரத்தடிக்குப் போனோம். ஆசாரி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

“நெல ரெடிங்க. ஊட்டுக்காரரு ரெடிங்களா?” என்றார்.

காண்ட்ராக்டர் சவரிமுத்து முன்னால் வந்தார். “ஆசாரி, நான் வேதக்காரன். எனக்கு இதெல்லாம் ஒத்து வராது. எங்க சாமியாரைக் கூட்டிட்டு வந்து மந்திரிச்சு நிக்கச் சொல்றேன். போதுமா?”

“சாமியாருக்குச் சம்சாரம் இருக்குதுங்களா?”

காண்ட்ராக்டர் பின்னால் போய்விட்டார்.

போலீஸ் சப் இன்ஸ்பெக்டரைக் கேட்டோம். நான் ஆளை உள்ளே போடுகிறவன், இருக்கிறவன் இல்லை என்றார். அவர் கூட்டி வந்திருந்த ஒரு கைதி, புல் செதுக்க வந்தவன், கோழித் திருட்டில் அடிக்கடி உள்ளே போகிறவன், கையைத் தூக்கினான். “ஏனுங்க, நான் நிக்கறனுங்க. எப்படியும் நாந்தானுங்க இங்க குடியிருக்கப் போறேன். சம்சாரம் பக்கத்து ஊருதானுங்க, கூப்புட்டா வந்துருவாளுங்க.”

ஆசாரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. “இவன்தானுங்க சரியான ஆளு!”

“முடியாது” என்றார் சப் இன்ஸ்பெக்டர். “நாளைக்கு இவன் நான்தான் ஊட்டுக்காரன்னு சாவியக் கேப்பான்.”

மறுபடி எல்லாரும் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஆசாரி வெற்றிலையை மென்றுகொண்டே ஒவ்வொருவராகப் பார்த்து வந்தார். என்னிடம் வந்து கண் நின்றது.

“அம்மிணி, நீ நில்லு.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. “நானுங்களா? நான் நிக்கக் கூடாதவளாச்சுங்களே.”

“அதுக்குத்தான் சொல்றேன். ஊடுன்னா பெருகோணும். அதுக்கு மஞ்சக் குங்குமத்தோட இருக்கறவ வேணும். இது ஜெயிலு. பெருகலாமுங்களா? சொல்லுங்க. இந்த வாசல் வெளங்காமப் போறதுதான் ஊருக்கு நல்லது. அப்ப இதுக்கு யாரு கை வேணும்?”

என் அண்ணன் எழுந்துவிட்டான். “ஏனுங்க ஆசாரி! என்ற தங்கச்சிய என்னன்னு நெனச்சுப் பேசறீங்க? அவ தொட்டது கருகிப் போகும்னு ஊரக் கூட்டி வெச்சுச் சொல்றீங்களா?”

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து மயிலை கத்தியது. அண்ணன் மதிலைப் பார்த்தான். கையில் இருந்த மண்ணைப் பார்த்தான். அது பொடியாக விரல் வழியே ஒழுகிப் போயிற்று. பிறகு என் பக்கம் திரும்பாமலே, “சித்த நேரம் நின்னாப் போதுமுங்களா?” என்று கேட்டான்.

ஓவர்சியர் தொண்டையைக் கனைத்தார். “மேற்படி அம்மாளுக்குக் கணவர் இல்லை. அது தகுதிக் குறைவு அல்லவா?”

“ஜெயிலுக்கு அதுதானுங்க தகுதி” என்றார் ஆசாரி.

ஓவர்சியர் தொப்பியைக் கழற்றி, தலையைத் தடவி, மறுபடி போட்டுக்கொண்டார். “பரிசீலிக்கப்பட்டது” என்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை என்றால் பொய். ஆனால் ஆசாரி சொன்ன காரணத்தில் என்ன குறை சொல்வது? சப் ஜெயில் பெருகக் கூடாது என்பதில் எனக்கும் வேறு அபிப்பிராயம் இல்லை. மாடு வெளியே வர வேண்டும். நான் தலையை ஆட்டினேன்.

செங்கோடன் அந்தக் கண்ணாடிப் பூச்சில் கடப்பாரையைப் போட்டார். மண்ணில் அடுக்கிய செங்கல், கொஞ்ச நேரத்தில் கொட்டிவிட்டது. ஓட்டை விழுந்ததும் உள்ளேயிருந்து இரண்டு மாடுகளும் தலையை நீட்டி எங்களைப் பார்த்தன. நிலையைத் தூக்கி நிறுத்தினார்கள். கொத்தனாரும் ஆசாரியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, “தூக்குண்டு சரியா நிக்குதான்னு கேளு அம்மிணி”, “நிக்குதுன்னு சொல்லு அம்மிணி” என்று என் வழியாகவே பேசி முடித்தார்கள். பிறகு ஆசாரி தட்டை என் முன்னால் நீட்டினார்.

அவர் போனதிலிருந்து நான் குங்குமத்தைத் தொட்டதில்லை. நிலைக்கு மஞ்சள் பூசி மூன்று பொட்டு வைத்தேன். தேங்காய் ஒரே போடில் சரி பாதியாக உடைந்தது. ஆசாரிக்கு அது பிடிக்கவில்லை. கோணலாக உடைந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. வழக்கமாக ஊருக்கே கேட்கிற மாதிரி வாழ்த்துகிறவர், அன்றைக்கு நிலையைத் தொட்டு, “இருக்கறது இருக்கட்டும், எச்சு வேண்டாம்” என்று முணுமுணுத்தார்.

அன்று சாயங்காலம் கை கழுவும்போது பொட்டு வைத்த அந்த ஒரு விரலை மட்டும் நனைக்காமல் வைத்திருந்தேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

மாடு வெளியே வந்த கதையைச் சொல்லாமல் விட்டுவிட்டேனே. ஜெயில் வாசல் ஒரு ஆள் மட்டும் நுழைகிற அகலம். உள்ளேயே கிடந்து, என் பெண்கள் பரிதாபப்பட்டுப் போட்ட தீனியைத் தின்று, மயிலை பெருத்துப் போயிருந்தது. தலையும் முன்கால்களும் வெளியே வந்தன, வயிறு சிக்கிக்கொண்டது. பின்னாலும் போகவில்லை. “பூசை போட்ட நெலய அசைக்கக் கூடாது” என்று ஆசாரி நிலையைக் கட்டிக்கொண்டு நின்றார். கோழித் திருடன்தான் யோசனை சொன்னான். இடுக்குகளில் நுழைந்து வருவது அவனுக்குப் பழக்கம். விளக்கெண்ணெயைக் கொண்டுவரச் சொல்லி மாட்டின் இரண்டு விலாவிலும் பூசினான். அண்ணன் முன்னால் கயிற்றை இழுக்க, செங்கோடன் பின்னால் தள்ள, மயிலை பொதக்கென்று வெளியே வந்து ஓவர்சியரின் குடைக்குக் கீழே நின்றது. உடம்பு ஒல்லியான செவலை தானாகவே நடந்து வந்தது.

அன்றைக்கே ஏர் பூட்டினான் அண்ணன். நல்ல வேளை, அன்றைக்கே மறுபடி ஒரு தூறலும் விழுந்து ஈரம் கொஞ்சம் வந்தது. ஆனால் மாடுகள் செக்குப் பழக்கத்தை விடவில்லை. நேராக நாலு அடி போகும், பிறகு இடப்பக்கம் வளையும். எவ்வளவு அதட்டியும் வட்டமாகத்தான் உழுதன. அந்த வருஷம் எங்கள் காட்டில் சோளம் வட்டவட்டமாக முளைத்து நின்றது. பார்க்க ஆள் வந்தார்கள். விளைச்சலில் ஒன்றும் குறைவில்லை.

இதற்கு மேல்தான் நான் எதிர்பார்க்காதது. ஜெயிலைச் சர்க்காரிடம் ஒப்படைத்த கொஞ்ச நாளில் உப்புக் காய்ச்சினார்கள், கள்ளுக்கடை மறித்தார்கள் என்று ஊர் ஊராக ஆட்களைப் பிடித்தார்கள். எங்கள் சப் ஜெயில் நிறைந்தது. அறை நிறைந்து, முற்றம் நிறைந்து, செக்கு இருந்த வட்டத்தில்கூட ஆள் படுத்துக் கிடந்ததாகச் சொன்னார்கள். அதுவும் எப்பேர்ப்பட்ட ஆட்கள்! வக்கீல், வாத்தியார், மிராசுதார். உள்ளே போகும்போது ஊரே கூடி மாலை போட்டு அனுப்பியது. எந்த வீட்டு வாசலுக்கும் அத்தனை மாலை வந்து நான் பார்த்ததில்லை. இடம் போதாமல் இன்னொரு வரிசை அறை கட்ட எங்களையே கூப்பிட்டார்கள். ஓவர்சியர் என்னைப் பார்த்ததும், “மேற்படி அம்மாளின் கைராசி” என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

ஆசாரிக்குத்தான் முகமே இல்லை. என்னைக் கண்டால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போவார். ஒரு நாள் என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. வாசலிலேயே நின்று துண்டை முறுக்கிக்கொண்டிருந்தார்.

“அம்மிணி, என்ற மூத்த மவளுக்கு ஊடு கட்டறோம். குமாரபாளையத்துல. நெல நிறுத்தோணும்.”

“சுண்ணாம்பு வேணுமுங்களா?”

“சுண்ணாம்பு இல்ல. நீ வரோணும். வந்து நிக்கோணும்.”

நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். “உங்க மவ இருக்கறா, மாப்பிள்ள இருக்கறாரு. நான் எதுக்குங்க?”

“கலியாணமாகி இத்தன வருசம், ஒரு புள்ள இல்ல. எல்லாச் சாமியும் பாத்தாச்சு.” அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. “நீ பொட்டு வெச்ச வாசல்ல சனம் நிக்க எடமில்லாம நெறஞ்சு கெடக்குது. எனக்கு அந்தக் கைதான் வேணும் சாமி.”

போனேன். பந்தல் போட்டு ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் கூடியிருந்தது. நான் முன்னால் போனதும் பெண்கள் ஒருவர் காதை ஒருவர் கடித்தார்கள். ஆசாரி திரும்பி ஒரு பார்வை பார்த்தார், பேச்சு நின்றுவிட்டது. மஞ்சள் பூசினேன், மூன்று பொட்டு வைத்தேன். ஆசாரி நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் பவானிக்கே கேட்கிற மாதிரி, “இந்த வாசல் நெறையட்டும், குடி பெருகட்டும்!” என்றார். அதற்குப் பிறகு எத்தனை வீட்டுக்குக் கூப்பிட்டார்கள் என்று எண்ணி வைக்கவில்லை.

இதில் நான் தப்பாக எழுதியிருப்பது நிறைய இருக்கும். கள்ளுக்கடை மறியல் முதலா, உப்பு முதலா என்று தெரிந்தவர்களைக் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். எனக்கு முக்கியம் வேறொன்று. அந்த ஆசாரி மகளுக்கு அந்த வீட்டில் பிறந்தது ஐந்து பிள்ளைகள் என்று நான் சொல்கிறேன். என் அண்ணி நாலுதான் என்று சாதிக்கிறாள். சங்கத்துப் பிள்ளைகள் யாராவது குமாரபாளையம் பக்கம் போனால் அந்த வீட்டில் விசாரித்துச் சரியான எண்ணிக்கையைப் போடுங்கள். நாலு என்று சொன்னால் அப்படியே எழுதிக்கொண்டு வந்துவிட வேண்டாம். நடுவில் ஒரு பிரசவம் இரட்டை. அதை ஒன்றாக எண்ணினார்களா, இரண்டாக எண்ணினார்களா என்று இன்னொரு தடவை கேளுங்கள்.